கண் மூடிய கரைகள்: அடையாற்றின் தலைப்பகுதியில் நெடுஞ்சாலைகளும் நீர்வழிகளும்

1. ஆய்வுக்குரிய கேள்வி

தாம்பரத்தின் தென்கோடியில் அமைந்த இரும்புலியூரை நடுவாகக் கொண்டு எட்டுக் கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை, மதுரவாயல் வழியாக மாதவரம் செல்லும் சென்னைப் புறவழிச்சாலை, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, வண்டலூர்–வாலாஜாபாத் மாநில நெடுஞ்சாலை, முடிச்சூர் சாலை, சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை ஆகிய அனைத்தும் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் இத்தனை பெருவழிகள் இவ்வளவு நெருக்கமாகக் கூடும் இடங்கள் மிகச் சிலவே. அதே வட்டத்திற்குள்தான் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று ஊர் ஊராக நகர்ந்து அடையாறு ஓர் ஆறாக உருப்பெறுகிறது என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை.

சாலைகளைப் பற்றி எழுதுவோர் போக்குவரத்து, நிலமதிப்பு, தொழில்வளர்ச்சி ஆகியவற்றைப் பேசுகின்றனர். நீர்நிலைகளைப் பற்றி எழுதுவோர் ஏரி, ஆக்கிரமிப்பு, வெள்ளம் ஆகியவற்றைப் பேசுகின்றனர். இரு தரப்பும் ஒரே மண்ணைப் பற்றி எழுதினாலும் ஒன்றையொன்று படிப்பது அரிது. இக்கட்டுரை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: ஏரிகளால் ஆன ஒரு நாட்டில் நெடுஞ்சாலை என்பது நிலத்தின்மீது கிடக்கும் வெறும் கோடா, அல்லது அந்நிலத்தின் நீரோட்டத்தையே தீர்மானிக்கும் இன்னொரு கரையா? சாலை ஒரு கரையே என்பதும், கரைக்குரிய பொறுப்பு அதற்கு ஒருபோதும் ஏற்றப்படவில்லை என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

2. ஏரி நாட்டின் நிலக்கிடப்பு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது நெடுநாள் வழக்கு. பாலாற்றைத் தவிரப் பேராறு எதுவும் இல்லாத இப்பகுதியில், மழை கொட்டித் தீர்க்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் நீரைத் தேக்கிவைத்தே வேளாண்மை நடந்தாக வேண்டியிருந்தது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவை நம் முன்னோர் படிகளாக மாற்றினர். மேலே ஓர் ஏரி, அது நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரி, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது என்று சங்கிலியாகத் தொடரும் அமைப்பு இது. கலங்கல் என்பது ஏரியின் மிகைநீர் தானாக வழிந்து வெளியேறுவதற்காகக் கரையில் கட்டப்படும் தாழ்வான கல்லணை. மதகு என்பது பாசனத்திற்குத் திறந்து மூடும் வாய்.

இந்த அமைப்பின் பழமைக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்ற ஒரு குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைத் தெரிவிக்கின்றன. பல்லவர் வரலாற்றில் போர்க்களமாக அறியப்பட்ட மணிமங்கலம், தாம்பரத்துக்கு மேற்கே உள்ள அதே ஏரிச் சங்கிலியைச் சேர்ந்த ஊர்தான். ஆங்கிலேயர் வந்த பின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தபோது, கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிடைத்த நிலம் எப்படிப்பட்டது என்பது ஊர்வாரியாகப் பதிவாயிற்று.

ஊர்ப்பெயர்களே இன்னும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாம்பரத்தோடு ஒட்டிய கடப்பேரி ஏரியின் பெயரையே சுமக்கிறது. மேற்குத் தாம்பரத்தின் புதுத்தாங்கலும், சற்று வடக்கே உள்ள பழவந்தாங்கலும் சிறு ஏரியைக் குறிக்கும் தாங்கல் என்ற சொல்லில் முடிகின்றன. ஓர் ஊர் தன் பெயரிலேயே நீரை வைத்திருக்கும்போது, அவ்வூரில் சாலை போடுபவர் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அந்தப் பெயர்தான்.

அடையாறு எங்கே பிறக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரி என்பார் சிலர். ஆதனூர் ஏரி என்பார் சிலர். செம்பரம்பாக்கம் ஏரி என்று பள்ளிப் பாடம்போல் சொல்வோரும் உண்டு. இந்த வேறுபாட்டைப் பிழை என்று தள்ளுவதைக் காட்டிலும் ஆற்றின் இயல்பாகக் கொள்வதே பொருத்தம். ஏறத்தாழ 42 கி.மீ. நீளமுள்ள அடையாறு ஒரு சுனையில் ஊறிப் புறப்படும் ஆறன்று. ஏறக்குறைய 200 ஏரிகளின் மிகைநீர் கூடித்தான் அது ஆறாகிறது. ஒவ்வொரு கலங்கலும் அதற்கு ஒரு தலை. எனவே அடையாற்றின் தலைப்பகுதியைக் காப்பது என்றால் ஒரு புள்ளியைக் காப்பதன்று, கலங்கலுக்கும் கலங்கலுக்கும் இடையே ஓடும் நூற்றுக்கணக்கான சிறு கால்களைக் காப்பதாகும். சாலைகள் வெட்டிச் செல்வது அந்தக் கால்களைத்தான்.

3. மேட்டுச் சாலையும் குறுக்குச் சாலைகளும்

இப்பகுதியின் சாலைகளை நீரோட்டத்தோடு வைத்துப் பார்த்தால் அவை இரண்டு வகையாகப் பிரிகின்றன.

முதல் வகை, மேட்டைப் பிடித்துச் செல்லும் சாலை. பெருந்தென்வழி என்று சொல்லத்தக்க ஜி.எஸ்.டி. சாலை, அதாவது மேலே சொன்ன சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை, இவ்வகையைச் சேர்ந்தது. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. அவ்விடத்தில் ஆற்றைக் கடக்கும் தென்வழி, அதன்பின் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் ஆகிய குன்றுகளின் அடிவாரத்தையும் இடைவெளிகளையும் பற்றிக்கொண்டே தெற்கே செல்கிறது. செங்கல்பட்டு வரை அது அடையாற்றை மறுபடி கடப்பதே இல்லை. பொதுவாகப் பார்த்தால், சாலைக்கு மேற்கே விழும் மழை அடையாற்றுக்கும், கிழக்கே சேலையூர், செம்பாக்கம் பக்கம் விழும் மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகிறது. இக்குன்றுகள் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. நிலவியல் நூல்களில் இப்பாறைக்குப் பெயர் வந்ததும் இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்லை வைத்துத்தான். பாறை நீரை உறிஞ்சாது. விழுந்த மழை நின்று நிதானிக்காமல் கீழே இறங்கும். அதனால்தான் அடிவாரம் நெடுக ஏரிகள் வெட்டப்பட்டன.

எனினும் மேட்டுச் சாலை முழுவதும் மேட்டில் இல்லை என்பதற்கு இரும்புலியூரே சாட்சி. சாலைக்குக் கிழக்கே வண்டலூர்க் காட்டை ஒட்டிய சரிவின் நீர் பீர்க்கன்காரணை ஏரி, இரும்புலியூர் ஏரி ஆகியவற்றில் தேங்கி, அவை நிரம்பியபின் மேற்கே அடையாற்றை நோக்கி இறங்க வேண்டும். அப்படி இறங்குவதற்கு அது தேசிய நெடுஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் அடியில் நுழைந்தாக வேண்டும். இருப்புப்பாதைகள் கூடியபோதும், தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாகவும் அதற்கு மேலும் அகன்றபோதும், நீர் நுழைந்து செல்ல வேண்டிய சுரங்கத்தின் நீளம் கூடிக்கொண்டே போயிற்று. நீளம் கூடினால் தூர் வாருவது கடினமாகும், அடைப்பு எங்கே இருக்கிறது என்று காண்பதும் கடினமாகும்.

இரண்டாவது வகை குறுக்குச் சாலைகள். வண்டலூரிலிருந்து மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் 48ஆம் எண் மாநில நெடுஞ்சாலை இவற்றுள் முதன்மையானது. ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிக் கிழக்கு மேற்காகச் செல்லும் இச்சாலையின் தென்புறத்தில் ஆதனூர். வடபுறத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீர் அனைத்தும் இந்தச் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். ஒரகடத்தில் இது சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையைச் சந்திக்கிறது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் அங்கே குவிந்தபின் சாலை பலவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டது. முடிச்சூர் சாலையும், 122 மீட்டர் அகல நிலத்தை எடுத்துக்கொண்டு 62 கி.மீ. ஓடும் வெளிவட்டச் சாலையும் அதே பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014இல் திறக்கப்பட்டது. அது வரதராஜபுரத்தை ஒட்டியே செல்கிறது. புறவழிச்சாலையோ இரும்புலியூர்ப் பக்கமிருந்து கிளம்பி வடக்கே போகும் வழியில் ஆற்றைத் தாண்டுகிறது. இன்னும் கீழே, விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே ஆற்றின்மேல் பாலமாக நீட்டப்பட்டிருக்கிறது.

பழைய காலத்தில் குறுக்குப் போக்குவரத்து இல்லாமலில்லை. ஏரிக்கரையே ஊர்ப்பாதையாக இருந்தது. மாட்டுவண்டி கரைமேல் வந்து, கலங்கல் இருக்கும் இடத்தில் இறங்கி, முழங்கால் நீரில் நடந்து, மறுபடி கரை ஏறும். பின்னர் அவ்விடங்களில் தரைப்பாலங்கள் வந்தன. தரைப்பாலம் என்பது வெள்ளக் காலத்தில் நீர் தன்மேல் புரண்டு ஓடும்படி தாழ்வாகப் போடப்படும் பாலம். ஆண்டில் சில நாள் வழி அடைபடும் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சில நாளில் வழி நீருக்கு விடப்பட்டது. எல்லாப் பருவத்துக்கும் உரிய சாலை என்ற நியாயமான கோரிக்கை வந்தபோது, சாலை மண் கொட்டி உயர்த்தப்பட்டது, நீருக்குக் குழாய் பதிக்கப்பட்டது. வழி யாருக்கு விட்டுக்கொடுப்பது என்ற முறை அன்று தலைகீழாயிற்று.

4. சாலையின் தரமும் துறையின் எல்லையும்

இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வகுத்தது 1943இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்களின் திட்டம். மாகாணம் பின்னர் மாநிலமாயிற்று. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை 1946இல் தனித்துறையாயிற்று. தமிழ்நாட்டில் இன்று மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்ற மூன்றையும் நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் உள்ளாட்சியிடம் உள்ளன. மைல்கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பதைப் பேருந்துப் பயணிகளும் அறிவர்.

இந்தப் பாகுபாடு முழுவதும் போக்குவரத்தின் அளவையும், இணைக்கப்படும் ஊர்களின் முக்கியத்துவத்தையும் அடிப்படையாகக் கொண்டது. சாலை எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது, எத்தனை வரத்துக் கால்களை வெட்டுகிறது என்பவை தரத்தை முடிவு செய்வதில் இடம்பெறுவதில்லை. போக்குவரத்துக்காக உண்டான பகுப்பு என்பதால் இதில் வியப்புக்கு இடமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சாலைக்குக் கீழே உள்ள பாலத்துக்கு யார் பொறுப்பு, அதற்கு எவ்வளவு பணம், எப்போது தூர் வாரப்படும் என்ற அனைத்தும் இந்தத் தரத்தையே பின்பற்றுகின்றன.

இரும்புலியூர் ஏரியின் மிகைநீர் ஆற்றைச் சேரும் வழியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஏரி நீர்வளத் துறையின் பார்வையில் வருவது. 2021இல்தான் அத்துறை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது. அடுத்து வருவது தேசிய நெடுஞ்சாலை, ஒன்றிய அரசின் பொறுப்பு. அதற்கடுத்த தண்டவாளம் தெற்கு ரயில்வேக்கு உரியது. பிறகு வருபவை 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் தெருக்களும் மூடுகால்வாய்களும். அதையும் தாண்டினால் நெடுஞ்சாலைத் துறையின் சாலையும், மாநகராட்சிக்கு வெளியே நிற்கும் ஊராட்சியின் சாலைகளும். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, முடிச்சூர் செங்கல்பட்டிலும் அதன் அண்டை ஊரான வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலும் அமைந்தன. ஒரே வெள்ளம் நனைக்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு ஆட்சியர்கள். மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்குள் நீர் ஐந்தாறு அதிகாரங்களின் எல்லையைத் தாண்டுகிறது. அந்த மூன்று கிலோமீட்டர் முழுவதற்கும் பொறுப்பான ஓர் அலுவலகம் இல்லை.

5. 2015 வெள்ளம்: வழங்கிவரும் விளக்கங்கள்

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களின் வெள்ளம் குறித்துத் தமிழ்நாட்டில் மூன்று விளக்கங்கள் நிலைபெற்றுள்ளன.

முதலாவது, மழையின் அளவைக் காரணமாகக் காட்டுவது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அதற்கு முந்தைய நவம்பரில் மட்டும் சென்னையில் 1000 மி.மீ.க்கு மேல் பெய்திருந்ததால் ஏரிகள் அனைத்தும் ஏற்கெனவே ததும்பி நின்றன. இந்த விளக்கம் உண்மையே. ஆனால் மழை எல்லா ஊரிலும் பெய்தது. சில ஊர்களில் மட்டும் நீர் நாட்கணக்கில் நின்றது ஏன் என்பதற்கு இதில் விடை இல்லை.

இரண்டாவது, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்ட விதத்தைக் குற்றம் சாட்டுவது. விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஏரியின் நீர் நிர்வாகத்தைக் கடுமையாகக் குறைகூறியது. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நேர்ந்ததை விளக்க இது பெரிதும் உதவுகிறது. ஆனால் தென்புறநகருக்கு இதைப் பொருத்தும்போது நிலவியல் இடம் தரவில்லை. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைக்கு அருகில்; முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருப்பவை. கீழே நீர்மட்டம் உயர்ந்ததால் மேலிருந்து வடிவது தாமதப்பட்டிருக்கலாம் என்ற அளவுக்கு மேல், மேலூரை மூழ்கடித்த பழியைக் கீழே வந்து சேரும் நீர்மேல் போட முடியாது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். ஊடகங்களிலும் அரசியல் மேடைகளிலும் செம்பரம்பாக்கம் என்ற ஒரே பெயர் ஒலித்ததால், தலைப்பகுதி ஊர்களின் துயரத்துக்குரிய காரணம் விசாரிக்கப்படாமலே போயிற்று. இது ஒரு பெரிய இழப்பு.

மூன்றாவது விளக்கம் ஆக்கிரமிப்பு. ஏரி உள்வாயிலும் ஆற்றுப் புறம்போக்கிலும் வீட்டுமனைகள் போடப்பட்டதே காரணம் என்பது இதன் சாரம். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இந்தப் பார்வையில் எழுந்ததுதான். இவ்விளக்கம் வலுவானது, மறுக்க இயலாதது. எனினும் அதில் ஒரு குறை உண்டு. ஆக்கிரமிப்பாளர் என்றதும் கண்முன் நிற்பவர் கூரை போட்ட ஏழை. சற்றுத் தள்ளிப் போனால் மனைவணிகர். ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே ஆறடி உயர மண்மேட்டைக் கிலோமீட்டர் கணக்கில் எழுப்பிய சாலை அந்தப் பட்டியலில் சேர்வதில்லை. மனைகள் வந்த வரிசையைப் பார்த்தாலும், முதலில் சாலை உயர்கிறது, பிறகுதான் சாலையோரப் பள்ளம் மனையாக விலைபோகிறது. சாலை உயராத வரை அந்தப் பள்ளத்தை யாரும் நிலம் என்று எண்ணியதில்லை.

6. கண்களின் கணக்கு

பாலத்தில் நீர் புகும் ஒவ்வொரு திறப்பையும் கண் என்பது தமிழ் வழக்கு. மூன்று கண் பாலம், ஐந்து கண் பாலம் என்று ஊரார் சொல்வர். பொறியியல் விதிகளின்படி மொத்த நீளம் 6 மீட்டர் வரை உள்ளவை சிறுபாலங்கள், அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய பாலங்கள், அதற்கும் மேற்பட்டவை பெரும்பாலங்கள். அடையாற்றின் பிரதான ஓட்டத்தின்மேல் கட்டப்படும் பாலங்களுக்கு வடிவமைப்பு, ஒப்புதல், ஆய்வு எல்லாம் உண்டு. வரத்துக் கால்களின்மேல் இருப்பவையோ பெரும்பாலும் சிறுபாலங்கள்; ஒரு குழாயோ இரண்டு குழாயோ பதித்து மேலே மண் கொட்டப்பட்டவை.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலோ வேறு எந்த நெடுஞ்சாலையிலோ செல்பவர் சாலையோரத்துச் சிறு கைப்பிடிச் சுவர்களைக் கவனித்தால், வெள்ளையடித்த பரப்பில் கறுப்பு மையில் பின்னம்போல் எழுதிய எண்களைக் காணலாம். மேலே உள்ள எண் எத்தனையாவது கிலோமீட்டர் என்பதையும், கீழே உள்ளது அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது பாலம் என்பதையும் குறிக்கும். இரண்டு சுவர்களுக்கும் கீழே குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு. பார்த்தால் பல இடங்களில் வட்டக் குழாயின் அடிப்பாதி வண்டலால் தூர்ந்திருக்கும். மேற்பாதியின் வாயில் பிளாஸ்டிக் பையும் கோரைப்புல்லும் ஆகாயத்தாமரையும் பின்னிக் கிடக்கும். தொலைபேசிக் கம்பி, குடிநீர்க் குழாய் ஆகியவை அதே துளைக்குள் நுழைந்து போவதும் உண்டு. பதிவேட்டில் அது ஒரு மீட்டர் விட்டமுள்ள கண். நடைமுறையில் அரைக்கண்கூட இல்லை.

ஒரு மீட்டர் கண் எவ்வளவு நீரை விடும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 49 செ.மீ. மழை பெய்தால் விழுவது 4.9 லட்சம் கன மீட்டர் நீர். நிலம் ஊறி, ஏரி ததும்பி நிற்கும் நிலையில் அது முழுவதும் ஒரு நாளில் வடிய வேண்டுமானால், சராசரியாக விநாடிக்கு 5.7 கன மீட்டர், அதாவது 200 கன அடி ஓட வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 0.785 சதுர மீட்டர். நீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் முழுக்குழாயாக ஓடினால் அது விடுவது 1.2 கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒவ்வொரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புக்கும் அடைப்பில்லாத ஐந்து கண்கள் வேண்டும். பாதி தூர்ந்த கண்களானால் பத்து. மழை ஒரே சீராகப் பெய்வதில்லை, உச்ச மணிகளில் பல மடங்கு கொட்டும் என்பதையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். மாறாக நீரில் பாதி ஏரியிலேயே நின்றுவிடும் என்று வைத்தாலும், ஒற்றைக் குழாய்க்கு அது மீறிய சுமைதான்.

இத்துடன் ஒரு சங்கிலி விதியையும் சேர்க்க வேண்டும். ஒரே கால்வாய் ஐந்து சாலைகளைக் கடந்தால், நான்கில் பெரிய கண்கள் இருந்து ஒன்றில் மட்டும் சிறிய கண் இருந்தாலும், கால்வாயின் கொள்ளளவு அந்தச் சிறிய கண்ணின் கொள்ளளவே. மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது பாலத்தைப் பெரிதாக்குவது நல்ல செயலே. ஆனால் அதற்குக் கீழே முந்நூறு மீட்டர் தள்ளி உள்ள ஊராட்சிச் சாலையில் பழைய ஒற்றைக் குழாய் அப்படியே இருந்தால், வெள்ளம் இடம் மாறுமே தவிரக் குறையாது. முன்பு மேலூரில் நின்ற நீர் இப்போது கீழூருக்கு விரைந்து வந்து அங்கே நிற்கும்.

கண்கள் சுருங்கும் அதே வேளையில் கரை உயர்ந்துகொண்டே போகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தார்க்கலவை விரிக்கப்படும்போது ஒவ்வொரு முறையும் சாலை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறுகிறது. ஐந்து முறை போட்டால் ஒரு சாண் அளவு. முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துப் பழைய தெருக்களில் வீட்டின் வயதைச் சுவரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். புது வீட்டுக்குச் சாலையிலிருந்து படி ஏற வேண்டும். பழைய வீட்டுக்குப் படி இறங்க வேண்டும். அந்த இறங்கும் படிகள்தாம் சாலை கரையானதன் அளவுகோல். கார்த்திகை மழையில் அந்த வாசல்களில் மணல் மூட்டை அடுக்குவது குடும்பப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

7. எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை மூன்று. நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழைக்கு எந்தக் கண்ணும் போதாது என்பது ஒன்று. இது சரியே, ஆனால் ஒரு பகலில் வடியும் வெள்ளத்துக்கும் ஒரு வாரம் நிற்கும் வெள்ளத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, உயிருக்கும் உடைமைக்கும் இடையே உள்ள வேறுபாடாகப் பல வீடுகளில் அமைகிறது. மேலும் 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அதே முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி நீரில் நின்றன. எட்டாண்டுக்குள் மூன்று முறை வந்ததை அரிதான பேரிடர் என்று ஒதுக்க இயலாது.

2015க்குப் பின் அடையாற்றின் தலைப்பகுதி அகலப்படுத்தப்பட்டதே, மூடுகால்வாய்கள் கட்டப்பட்டனவே என்பது இரண்டாவது. அப்பணிகள் பயன் தந்துள்ளன. முன்பு நாட்கணக்கில் நின்ற நீர் சில தெருக்களில் விரைவில் வடிகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் ஆறு அகலமாவதும், ஆற்றுக்கு நீரைக் கொண்டுவரும் வழி அடைபட்டிருப்பதும் ஒரே சமயத்தில் நிகழலாம். ஆற்றில் இடம் இருந்தும் ஊருக்குள் நீர் நிற்பதை விளக்குவது இதுவே.

மூன்றாவது வாதமே கனமானது: சாலைகளைத் தாழ்த்த வேண்டும் என்றா சொல்லப்படுகிறது? மகப்பேற்று வலியோடு ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய இரவில், முழங்கால் நீரில் இறங்கி நடக்கும் பழைய தரைப்பாலத்தைப் புகழ்வது கொடுமை. தரைப்பாலங்களைக் கடக்க முயன்று அடித்துச் செல்லப்பட்டவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உண்டு. உயர்ந்த சாலை வேண்டும். அது மக்களின் உரிமை. ஆனால் ஏரிக்கரை எழுப்பிய முன்னோர் கலங்கல் இல்லாமல் ஒரு கரையும் எழுப்பவில்லை. சாலை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அதன் கண்களும் அகல வேண்டும் என்பதே இங்கு கோரப்படுவது.

8. செய்யத்தக்கவை

சாலைவாரியாக இருக்கும் பாலப் பதிவேடு ஆற்றுவாரியாக மாற்றி எழுதப்பட வேண்டும். ஆதனூர் ஏரியின் கலங்கலில் தொடங்கித் திருநீர்மலை வரையிலும், பீர்க்கன்காரணை ஏரியில் தொடங்கி ஆறு வரையிலும், நீர் கடக்கும் ஒவ்வொரு கண்ணும் வரிசை எண்ணோடு ஒரே ஏட்டில் வர வேண்டும். அது எந்தத் துறைக்கு உரியது, கட்டியபோது இருந்த அளவு என்ன, இன்று தூர் போக எஞ்சிய அளவு என்ன, அதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு எத்தனை சதுர கிலோமீட்டர் என்ற நான்கு செய்திகள் போதும். அந்த ஏடு தமிழில், ஊராட்சி அலுவலகத்திலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், அளவு புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு சாலையில் பாலம் மாற்றப்படும்போது அதே கால்வாயில் மேலும் கீழும் உள்ள கண்கள் சேர்த்தே ஆராயப்பட வேண்டும் என்பது ஒப்புதலுக்கு நிபந்தனையாக வேண்டும். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதுத் தார் போடும் விதி, வெள்ளம் நிற்கும் ஊர்களிலாவது விலக்கில்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும்.

இதற்குப் புதிய துறையோ பெருந்திட்டமோ தேவையில்லை. உத்திரமேரூரில் ஓர் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. அடையாற்றின் தலைப்பகுதிக்கு, இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் நெடுஞ்சாலை, நீர்வளம், ரயில்வே, மாநகராட்சி அலுவலர்களும் ஆண்டுக்கு இருமுறை ஒரு மேசையில் அமர்ந்து அந்த ஏட்டைப் புரட்டினால் போதும். இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம் ஆகிய ஊர்களின் குடியிருப்போர் சங்கங்கள் இக்கோரிக்கையைக் கிராமசபையிலும் மாமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் வைக்கலாம். பாலங்களின் எண்கள் கைப்பிடிச் சுவர்களில் ஏற்கெனவே எழுதப்பட்டே இருக்கின்றன; சாலை போகும் வரிசையில் உள்ள அவற்றை நீர் போகும் வரிசையில் அடுக்கி எழுதும் வேலையை இன்னும் யாரும் தொடங்கவில்லை.